சுற்றுச்சூழல் இலக்கியத்தையும் மக்களாட்சி விவாதத்தையும் சேர்த்து ஒரே பாடமாகப் பல்கலைக்கழகத்தில் நடத்த முடியுமா?

முடியும். ஆனால் நான் நடத்திய முதல் வருஷம் சொதப்பல்தான், அதைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

கொங்குப் பக்கம் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். சுற்றுச்சூழல் என்றாலே அவர்களுக்கு இளங்கலையில் பார்ட் ஃபோரில், அதாவது முக்கியப் பாடத்துக்கு வெளியே உள்ள பிரிவில், எழுதிய பேப்பர்தான் நினைவுக்கு வரும். உச்ச நீதிமன்றம் சொல்லிக் கட்டாயமான பாடம். முதல் நாள் ராத்திரி கைடைப் புரட்டினால் பாஸ். அந்த அலுப்பைப் போக்கத்தான் நற்றிணை 172ஆம் பாட்டில் ஆரம்பித்தேன். தலைவியும் தோழிகளும் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிட, அதை நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை என்கிறாள் அம்மா. அதனால் அந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று தலைவனிடம் தோழி சொல்கிறாள். வகுப்பே உருகிவிட்டது. அப்புறம் வந்த கட்டுரைகளில் எல்லாம் மரம் தங்கை, ஆறு தாய், மலை பாட்டன்.

சரி, இப்போது பேசுங்கள் என்று, ஒரு திட்டம் வருமுன் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கிற கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை வகுப்பிலேயே நடத்தினேன். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிற மாதிரியே: ஆட்சியர் தலைமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு, யார் வேண்டுமானாலும் பேசலாம். நொய்யல் கரையில் ஒரு சாயப்பட்டறைத் தொகுப்பு வருவதாகக் கற்பனை. அத்தனை பேரும் எதிர்த்தார்கள், அதுவும் கவிதையில்! முதலாளியாக நடித்த பையன் சினிமா வில்லன் மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தான். எத்தனை லிட்டர் கழிவு, எங்கே போகும், யார் அளப்பது என்று ஒரு கேள்வி வரவில்லை.

அதுவரை வாய் திறக்காத திருப்பூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது அவள் அப்பாவுக்கு மாதக்கணக்கில் வேலை இல்லையாம். "அந்தத் தீர்ப்பு சரிதான் சார். நொய்யல்ல இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையைத் திறக்காதீங்கன்னு விவசாயிங்களே சொல்ற அளவுக்கு ஆறு கெட்டுப்போச்சு. ஆனா எங்க வீட்டு அரிசிக்கு யார் பதில் சொல்றது?" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. பாடத்திட்டத்தை அன்றைக்கு ராத்திரி மாற்றினேன்.

இப்போது பாட்டு பாதி, ஆவணம் பாதி. 2020இல் மத்திய அரசு அந்த 2006 அறிவிக்கைக்கு மாற்றாகப் புதிய வரைவு அறிவிக்கை வெளியிட்டது, முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் உத்தரவிட வேண்டியிருந்தது. இலக்கிய மாணவருக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது சொல்லுங்கள்? ஒரு திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்து, உங்கள் பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதி வரச் சொல்வேன். 'பூஜ்ஜியத் திரவக் கழிவு வெளியேற்றம்' (கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது) என்பதை விளக்குவதற்குள் பலருக்கு வியர்த்துவிடும், தமக்கே புரியவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

கூட்டமும் நடக்கிறது, ஆனால் வேடங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் தருகிறேன். ஆற்றை நேசிக்கிறவனுக்குப் பட்டறைத் தொழிலாளி வேடம் விழும். என்னைக் கேட்டால் இதில் முக்கியமான இடம் கடைசிப் பத்து நிமிடம். பேசியதை எல்லாம் தொகுத்து உள்ளூர் மொழியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. போன முறை படித்தவன், "தொழிலாளர் தரப்பு திட்டத்தை ஆதரித்தது" என்று வாசித்தான். அந்த வேடத்தில் இருந்த பையன் குதித்து எழுந்தான்: "நான் எப்போ ஆதரிச்சேன்? மூடினா எங்களுக்கு என்ன வழின்னு கேட்டேன், கேட்டதைக் கேட்டதுன்னு எழுது." அந்த ஒரு வரியைத் திருத்த அடுத்த வகுப்பில் கால் மணி நேரம் போய்விட்டது, வாசலில் நின்ற இலக்கண ஆசிரியர் என்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.