தன் பெயரை மறந்த ஈக்கு நான் படம் போட்ட கதை

கேள்வி: நாலு வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட, பூச்சி கதாநாயகனாக வரும் சிரிப்பான படப் புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்?

கடையில் கிடைக்கும் புத்தகத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அதையும் சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் புரட்டப்பட்ட பூச்சிப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய மாதக் காலண்டரை இரண்டாக வெட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கங்களில் நானே வரைந்து, கோணி ஊசியால் தைத்தது அது. கதாநாயகன் ஓர் ஈ. கதை எங்கள் ஆச்சி சொன்னது. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஒரு ஈ வீட்டைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்ததாம். வேலை மும்முரத்தில் அதற்குத் தன் பெயரே மறந்துபோயிற்றாம். யாரிடமாவது கேட்போம் என்று கிளம்பிப் போனது. வழியில் ஒரு கன்றுக்குட்டி. "கொழு கொழு கன்னே, என் பேரென்ன?" எனக்குத் தெரியாது, அம்மாவைக் கேள் என்றது கன்று. அப்படியே ஒவ்வொருவராக அடுத்தவரைக் கைகாட்டி விட, கடைசியில் இந்தப் பாட்டில் வந்து நிற்கும்:

"கொழு கொழு கன்னே, கன்னோட தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே, கோல் இருந்த மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே, கொக்கு நிற்கும் குளமே, குளத்தில் இருக்கும் மீனே, மீனைப் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி பண்ணும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணில் வளரும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பேரென்ன?"

ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு பேர் மாறுவார்கள். குதிரை மட்டும் மாறாது. இத்தனை பேரைத் தாண்டி வந்து இதைக் கேட்கிறாயா என்று குதிரை பல்லைக் காட்டிக் கனைக்கும்: "ஈஈஈஈ!" அட, அதுதானே என் பேரு என்று ஈ பறந்து போய்விடும். அவ்வளவுதான் கதை.

எறும்பு வந்தால் சேமிப்பு, தேனீ வந்தால் உழைப்பு என்று நம் பூச்சிக் கதைகளில் பாதி, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வந்தவை. இந்த ஈ யாருக்கும் எதையும் சொல்லித்தர வரவில்லை. அதுவே வழி கேட்டு அலைகிறது. எனக்கு இந்தக் கதை பிடித்ததற்கு முதல் காரணம் அது. இரண்டாவது, மறந்துபோன பெயரின் அளவு. நன்னூல் கணக்குப்படி நம் மொழியில் ஒரே எழுத்தில் நிற்கும் சொற்கள் 42. அதில் ஒன்று ஈ. அதைவிடச் சின்னதாக ஒரு பெயர் வைக்கவே முடியாது. அதைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத ஆசாமி, பதினாலு பேர் அடங்கிய பாட்டை மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார்!

வரைய உட்கார்ந்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. வாயால் சொல்லும்போது சரி, படத்தில் முதல் பக்கத்திலேயே ஈ உட்கார்ந்திருக்குமே, விடுகதைக்கு விடையை அட்டையில் அச்சடித்த மாதிரி ஆகிவிடாதா? இரண்டு நாள் யோசித்தேன். ஈயை ஒரு கரும்புள்ளியாக மட்டும் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

முதல்முறை படித்துக் காட்டியபோது, "என் பேரென்ன?" என்று கன்றிடம் கேட்டதுமே மகள் புத்தகத்துக்குள் குனிந்து, "ஈ! உன் பேரு ஈ!" என்று கத்தினாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். ஈ பசுவிடம் கேட்டது. மறுபடி கத்தினாள். மரத்திடம் போனபோது தலையில் அடித்துக்கொண்டாள். குளத்துக்குப் போனபோது சிரிப்புத் தாங்காமல் பாயில் உருண்டாள். நாள் முழுக்க எல்லாரும் தனக்கே சொல்லிக் கொடுக்கிற வீட்டில், தனக்குத் தெரிந்தது ஒன்று கூடத் தெரியாத ஓர் ஆள் கிடைத்துவிட்டார் அவளுக்கு. நீங்கள் எந்தப் புத்தகம் வாங்கினாலும் இதை மட்டும் பாருங்கள்: கதாநாயகனுக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதா? அது இருந்தால் படம் சுமாராக இருந்தாலும் ஓடிவிடும். என் குதிரையைப் பார்த்தால் கழுதை என்றுதான் சொல்வீர்கள்.

ஈயை நிஜ அளவிலேயே வரைந்தேன், ஓர் அரிசி நீளத்துக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் அது எங்கே என்று தேடுவதே தனி விளையாட்டாகிவிட்டது. மரத்துப் பக்கத்தில் இலைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அப்புறம் எனக்கே கிடைக்காமல் அவள்தான் காட்டினாள்.

ஒரு தப்பும் செய்தேன். ஈக்கு நாலு றெக்கை போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரெண்டுதானே?" என்றார். தட்டாம்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, தேனீ எல்லாவற்றுக்கும் நாலு. ஈ, கொசு வகைக்கு மட்டும் இரண்டு. பின்னால் இருக்க வேண்டிய ஜோடி சுருங்கி, குண்டூசித் தலை மாதிரி ஆகி, பறக்கும்போது நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்கிறது. வெள்ளை பெயிண்ட் வைத்து அழித்தேன். அதைத் தேடிப் படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது: ஈ காலாலேயே ருசி பார்க்கும். இதை விடுவேனா? வலையன் சட்டியில் மீன் குழம்பு வரைந்தேன். ஈ விளிம்பில் வந்து உட்கார்ந்து, கால் பட்டதும் கேட்க வந்த கேள்வியையும் மறந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் எழுத்தே கிடையாது, ஈ காலைத் தேய்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். எங்கள் வீட்டில் குதிரைக்கு அடுத்தபடியாகச் சிரிப்பு அதற்குத்தான்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் பாட்டு நீளும். ராத்திரி பத்து மணிக்கு மூன்றாவது தடவை படிக்கும்போது மீனிலேயே மூச்சு வாங்கும். ஒரு நாள் நைசாகக் குயவனைத் தாண்டிப் போனேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தவள் கண்ணைத் திறக்காமலே, "சட்டிய யாரு செஞ்சா?" என்றாள். திரும்பவும் கன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

தமிழுக்கு வெளியே இந்தக் கதை பிழைக்குமா என்றும் பார்த்தாயிற்று. டல்லாஸில் இருக்கும் என் தம்பி மகனுக்கு வீடியோ காலில் மகளே சொன்னாள். எல்லாம் நன்றாகக் கேட்டான். கடைசியில், "குதிரை ஏன் 'ஃப்ளை'னு கத்தும்? அது 'நேய்'னுதானே கத்தும்?" என்றான். அத்தோடு முடிந்தது. மாடி வீட்டு நெல்லூர் அம்மாவிடம் சொன்னபோதோ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தெலுங்கில் ஈயை 'ஈக' என்பார்கள். அவர்கள் ஊர் ஈகவும் வீடு மெழுகும்போதுதான் பெயரை மறந்ததாம்.

சரி, கடையில் வாங்க வேண்டுமென்றால் எரிக் கார்ல் வரைந்த 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' வாங்குங்கள். 1969-இல் வந்தது. தாளில் துளை போடும் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்ததாம். முதலில் வில்லி என்றொரு புத்தகப் புழுவை வைத்து எழுதினார். ஆன் பெனடூஸ் என்ற பதிப்பாசிரியர் சொன்ன பிறகு அது கம்பளிப்பூச்சியாக மாறியது. ஒவ்வொரு பழத்திலும் புழு தின்ற துளை நிஜமாகவே இருக்கும். பிள்ளைகள் விரலை விட்டுப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள். அதை அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலைக்கு அச்சிட ஆள் கிடைக்காமல், ஜப்பானில்தான் அச்சிட்டார்கள்.

சனிக்கிழமை அந்தப் புழு சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், தர்பூசணி என்று பத்து வகை தின்றுவிட்டு வயிற்று வலியில் கிடக்கும். என் மகள் கணக்கில் தப்பு முழுக்க ஊறுகாயுடையது. அது வெள்ளரிக்காயை ஊறவைத்தது என்று எவ்வளவு சொல்லியும், எங்கள் வீட்டு மாவடு ஜாடியைத்தான் அவள் மனதில் வைத்திருக்கிறாள். இன்னொன்று, பட்டாம்பூச்சி பொதுவாக நூல்கூடு கட்டாது, அது அந்துப்பூச்சியின் வேலை. புத்தகத்தில் கட்டும். நாலு வயதில் இதற்காகச் சண்டை போட வேண்டாம். (நாலு றெக்கை போட்டவள் வேறு எப்படிச் சொல்வாள்!)

எங்கள் ஈப் புத்தகம் இப்போது பாதி நைந்துவிட்டது. மீன் குழம்புப் பக்கத்தில் நிஜக் குழம்பே கொட்டியிருக்கிறது. குதிரைப் பக்கத்தைக் காணவில்லை. புதிதாக வரைந்து தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். புல்லுப் பக்கம் முடிந்ததும் எழுந்து நின்று, எல்லாப் பல்லையும் காட்டி, அவளே கனைக்கிறாள்.