சட்டியோடு ஆற வைக்காதீர்கள்: குசினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிறீசரைப் பற்றியவை. வேலைக்குப் போகிற அம்மாமார் பலர் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகச் சமைத்துக் கிழமை முழுக்க எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், சந்தோஷமாக இருக்கிறது. கேள்விகளுக்கு வருகிறேன்.

ரீச்சர், கோழிக்கறி பிறீசரில் எத்தனை நாள் நிற்கும்? (உப்புவெளி)

பிறீசர் உண்மையாகவே மைனஸ் 18 பாகையில் இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ருசி குறையாது. பிறகும் நஞ்சாகிவிடாது, இறைச்சி வறண்டு சக்கையாகும். பெட்டியில் தேதி எழுதுங்கள்.

மீன்கறி கொஞ்சம் பிறீசரில் கிடக்கிறது. சாப்பிடலாமா? (அன்புவழிபுரம்)

என்ன மீன், எப்போது காய்ச்சியது, இடையில் கரண்ட் போனதா, ஒன்றுமே எழுதவில்லை. இங்கிருந்து நான் எப்படிச் சொல்வது? உங்களுக்கே நாள் தெரியாது என்றால் கொட்டுங்கள். அடுத்த முறை தேதி எழுதி வையுங்கள். ஒரு துண்டு டேப்பும் ஒரு பேனையும் காணும்.

ஞாயிற்றுக்கிழமை 3 கிலோ கோழி, ஒரு பெரிய சட்டி பருப்பு காய்ச்சுகிறேன். சூட்டோடு பிறிட்ஜில் வைத்தால் பிறிட்ஜ் பழுதாகும் என்று மாமி சொல்கிறா. அதனால் இரவு மேசையில் ஆற விட்டு, விடிய எழும்பிப் பிறீசரில் வைக்கிறேன். சரிதானே? (உவர்மலை)

சரியில்லை தங்கச்சி. இந்த ஒரு பழக்கத்துக்கு எதிராக மனைப்பொருளியல் வகுப்பிலும் கத்தினேன், இங்கேயும் கத்துகிறேன், இன்னும் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

மாமி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கொதிக்கிற சட்டியை உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கிற பாலும் மீனும் சூடேறும், மோட்டர் ஓய்வில்லாமல் ஓடும். அதற்காக விடிய விடிய வெளியே விடுவதா? 60 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். அவற்றுக்கு வாய்ப்பான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் நம் திருகோணமலைக் குசினி இரவு பத்து மணிக்கும் எப்படி வேகும் என்று உங்களுக்குத் தெரியும். சமைத்த சாப்பாடு வெளியே இருக்கக்கூடியது இரண்டு மணித்தியாலம். நல்ல வெக்கை என்றால் ஒன்று.

விடியக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பார்கள். சாகாது. சில கிருமிகள் வித்தியாக, அதாவது தடித்த ஓடு கட்டி உறங்குகிற வடிவமாக மாறிக் கொதியைத் தாங்கும். வேறு சில விட்டுப்போன நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. வெளியே கிடந்த சோற்றில் பெருகுகிற பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி இரண்டையும் செய்யும். பிறீசரும் கிருமியைக் கொல்லாது. எந்த நிலையில் உள்ளே போகிறதோ அந்த நிலையிலேயே வெளியே வரும்.

நானே ஒருக்கா பிழை விட்டிருக்கிறேன். வீட்டு விசேஷத்துக்கு முதல்நாள் 5 கிலோ கோழி காய்ச்சி, பெரிய அலுமினியச் சட்டியோடு இரவு பத்து மணிக்குப் பிறிட்ஜுக்குள் ஏற்றினேன். காலை ஆறு மணிக்கு மேலே எண்ணெய் கட்டியிருந்தது, சட்டியின் விளிம்பு சில்லென்றிருந்தது. அகப்பையை நடுவில் இறக்கி எடுத்தேன். வந்த குழம்பு இளஞ்சூடு. எடுத்த பள்ளத்தில் கடுகு அளவு குமிழ்கள் ஒவ்வொன்றாக எழும்பின, புளித்த மணமும் வந்தது. ஐந்து கிலோவையும் வளவில் குழி வெட்டித் தாட்டேன். பிறிட்ஜுக்குள் வைத்தும் அப்படி. ஆழமான சட்டியின் நடுவுக்குக் குளிர் போய்ச் சேராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறக்கியதும் கறியை அகலமான தட்டங்களில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பேசினில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு, தட்டத்தை அதில் இருத்தி இடைக்கிடை கிளறுங்கள். அரை மணித்தியாலத்தில் சூடு இறங்கிவிடும். பிறிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்ததும், ஒரு நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து, சிப் பைகளில் காற்றை வெளியேற்றித் தட்டையாகப் படுக்க வையுங்கள். விறைத்தபின் புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம், கெதியாக இளகும். தேதி எழுதுங்கள். மாமிக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

விறைக்க வைத்த கறியில் உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி வருகிறது, பாலும் திரைந்த மாதிரி இருக்கிறது. (தம்பலகாமம்)

கிழங்குத் துண்டுக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸாகும்போது அதன் சதையைக் கிழித்துவிடும். கிழங்கில்லாமல் விறைக்க வையுங்கள், சாப்பிடுகிற அன்று அவித்துச் சேருங்கள். முதற்பாலும் அப்படித்தான். இரண்டாம் பாலோடு இறக்கி விறைக்க வைத்து, சூடாக்கும்போது முதற்பால் விடுங்கள். அவித்த முட்டை ரப்பராகும், போடவே வேண்டாம். சொதியை விறைக்க வைப்பது வீண் வேலை, பத்து நிமிடத்தில் புதிதாக வைக்கலாம்.

நோன்புக்கு முதலே சமூசா, ரோல்ஸ், கட்லட் செய்து வைக்க யோசிக்கிறேன். பொரித்து வைப்பதா, பொரிக்காமலா? (கிண்ணியா)

பொரிக்காமல். உள்ளுக்கு வைக்கிற இறைச்சியை முழுதாக ஆற விட்டுத்தான் மடிக்க வேண்டும். சூட்டோடு மடித்தால் மா ஈரமாகிப் பிய்யும். தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, கல்லாக இறுகியபின் பையில் கொட்டுங்கள். இளக விடாமல் நேரே எண்ணெயில் போடுங்கள், நடுத்தர நெருப்பில், ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். கட்லட்டில் கிழங்கு மசிந்திருப்பதால் மேலே சொன்ன பிரச்சினை வராது.

இடியப்பம், பிட்டு, தயிர்? (மூதூர்)

முதல் இரண்டும் அருமையாக நிற்கும். இளக்காமல் அப்படியே ஆவியில் வையுங்கள். தயிர் தண்ணீர் வேறு கட்டி வேறாகும். சட்டித் தயிருக்குப் பெயர்போன ஊரில் அதை ஏன் விறைக்க வைக்க வேண்டும்?

பிறீசரில் வைத்த சூரையைத்தான் காய்ச்சினோம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் மகனுக்கு வாய் கடித்து, முகம் சிவந்து, தலையிடி. பிறீசர் பழுதா? (திருக்கடலூர்)

பெரும்பாலும் பழுதானது மீன், அதுவும் பிறீசருக்கு வர முதல். சூரை, கும்பளா, சாளை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு உண்டாகும். கழுவினாலும் காய்ச்சினாலும் விறைக்க வைத்தாலும் அது போகாது, மணத்திலும் தெரியாமல் இருக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று பதினொரு மணிக்கு வாங்கி, சைக்கிளில் தொங்கவிட்டு வீடு வந்து, பின்னேரம் வெட்டிப் பிறீசரில் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். காலையில் வாங்குங்கள், ஐஸோடு கொண்டுவாருங்கள், உடனே வெட்டுங்கள். மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஒற்றைக் கதவுப் பிறிட்ஜின் மேலே இருக்கிற ஐஸ் பெட்டி காணுமா? (பாலையூற்று)

அதன் கதவில் நட்சத்திரம் இருக்கும், எண்ணுங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6 பாகை, ஒரு கிழமை. இரண்டு என்றால் மைனஸ் 12, ஒரு மாதம். மூன்று இருந்தால் மைனஸ் 18, அதில்தான் மாதக்கணக்கு பேசலாம்.

மாரியில் கரண்ட் போனால் என்ன செய்வது? (சாம்பல்தீவு)

திறக்காதீர்கள். நிறைந்த பிறீசர் திறக்காவிட்டால் ஏறத்தாழ 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24. கீழே பிறிட்ஜ் நாலு மணித்தியாலம்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோதும் பூட்டியே வைத்திருந்தவர்களின் சாமான் தப்பியது. வெறும் இடத்தைத் தண்ணீர்ப் போத்தலால் நிரப்புங்கள். முக்கால்வாசிக்கு மேல் ஊற்ற வேண்டாம், ஐஸானால் பத்தில் ஒரு பங்கு பெருக்கும், கண்ணாடி என்றால் வெடிக்கும். ஒரு கோப்பையில் தண்ணீரை விறைக்க வைத்து மேலே ஒரு நாணயக் குற்றியை வையுங்கள். ஊரில் இல்லாத நேரம் கரண்ட் நீண்ட நேரம் போயிருந்தால், வந்து பார்க்கும்போது குற்றி அடியில் கிடக்கும்.

இளக்கிய இறைச்சியைத் திரும்ப விறைக்க வைக்கலாமா? (லிங்கநகர்)

பிறிட்ஜுக்குள் இளகியிருந்தால் காய்ச்சி, ஆற வைத்து, திரும்பப் பிறீசரில் வைக்கலாம். வெளியே மேசையில் கிடந்து இளகியது என்றால் கூடாது. அடுத்த நாள் சமைப்பதை முதல்நாள் இரவே பிறீசரிலிருந்து பிறிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், அடியில் ஒரு கோப்பை வைத்து, இரத்தத் தண்ணீர் மரக்கறியில் வடியாமல். பழைய தேதியை வெட்டிவிட்டுப் புதுத் தேதி எழுதுங்கள்.