மகளின் ஜிபிஏவுக்கு 40,000 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் இளங்கலை முடித்துவிட்டாள். 120 கிரெடிட்டில் (பாட அளவு) ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.2. அறிவியல், கணிதப் பாடங்களை மட்டும் எடுத்தால் (45 கிரெடிட்) 2.9. டாக்டர் ஆவதில் உறுதியாக இருக்கிறாள். ஜிபிஏவை ஏற்ற ஓராண்டு சிறப்பு மாஸ்டர்ஸ் படிக்கிறேன் என்கிறாள். கட்டணம் 40,000 டாலர். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 18,000 இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த மாஸ்டர்ஸில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாலும் அவளுடைய 3.2 அசையாது. பெரும்பாலான எம்டி (இங்கே அடிப்படை டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும் பொதுச் சேவையான ஆம்காஸ், முதுகலை மதிப்பெண்ணைத் தனி வரியில் காட்டும். இளங்கலைக் கணக்கில் சேர்க்காது. பட்டம் வாங்கிய பிறகு எடுக்கும் இளங்கலை நிலைப் பாடங்கள், அதாவது போஸ்ட்-பேக், தனி வரியிலும் வரும், மொத்த இளங்கலை ஜிபிஏவிலும் சேரும்.

எவ்வளவு ஏறும்? 30 கிரெடிட் அறிவியல் எடுத்து எல்லாமே ஏ (4 புள்ளி) என்றால், 3.2 வெறும் 3.36 ஆகும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அறிவியல் ஜிபிஏ 2.9-இல் இருந்து 3.34-க்குத் தாவும். பழைய கிரெடிட் குறைவாக உள்ள இடத்தில்தான் புது மதிப்பெண்ணுக்குப் பலம். மருத்துவக் கல்லூரியில் சேருபவர்களின் சராசரி 3.7-ஐத் தாண்டுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இவளுக்குக் கைகொடுக்கப் போவது அந்த ஏறுமுகமும் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் நல்ல மதிப்பெண்ணும்தான்.

சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதினால் பழையது அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஆம்காஸ் இரண்டையும் எண்ணும். டிஓ என்ற இன்னொரு டாக்டர் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் முன்பு அந்தச் சலுகை இருந்தது, 2017-இல் எடுத்துவிட்டார்கள்.

சரி, பணம். அரசுப் பல்கலையில் கிரெடிட்டுக்கு 450 டாலர் என்று வைத்தால் 30 கிரெடிட் 13,500. 529 பணத்திலேயே முடிந்துவிடும், கடனே தேவையில்லை. லைஃப்டைம் லேர்னிங் வரிச்சலுகையும் இருக்கிறது, ஆண்டுக்கு அதிகபட்சம் 2,000 டாலர். ஆனால் வருமான வரம்பு உண்டு, 529-இல் எடுத்துக் கட்டிய அதே தொகைக்குக் கேட்கவும் முடியாது. மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் 529-இல் இருந்து கட்டாதீர்கள்.

இன்றைக்கு 22,000 கடன் வாங்கினால் நாளைக்கு இடிக்கும். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பல கல்லூரிகளில் அது போதாது.

முழு ஆண்டுக்கும் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். முதல் செமஸ்டரில் 8 கிரெடிட் போதும், 3,600 டாலர். ஏ வந்தால் அடுத்ததற்குக் கட்டுங்கள். எல்லாமே பி (3 புள்ளி) என்றால் அங்கேயே நிறுத்தி, உட்கார்ந்து பேசுங்கள். 30 கிரெடிட்டும் பி-யாக முடிந்தால் 3.2 ஏறாது, 3.16-க்கு இறங்கும்.