அச்சில் சூடேற்றி வளைத்த வலை: காப்புரிமை எதற்குக் கிடைக்கும்?

கேள்வி: குடலிறக்க அறுவைச் சிகிச்சையில் பதிக்கும் பாலிப்ரொப்பிலீன் பின்னல் வலையைத் தட்டையாக வாங்கி, இரண்டு பாக அலுமினிய அச்சுக்குள் வைத்து, அடுப்பில் சூடேற்றிக் கிண்ணம் போல் வளைவு கொடுக்கிறோம். அச்சிலேயே ஆறவிட்டு எடுத்தால் வளைவு நிற்கிறது. இந்தச் செய்முறைக்குக் காப்புரிமை கிடைக்குமா? "பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் வளையும் என்பது ஊருக்கே தெரியும்" என்கிறார் கூட்டாளி.

பதில்: கூட்டாளி சொல்வதில் பாதி சரி. வை, மூடு, சூடேற்று, ஆறவிடு என்ற நான்கு படிகளை மட்டும் உரிமைக்கோரலாக, அதாவது விண்ணப்பத்தில் எது உங்களுடையது என்று வரையறுக்கும் வாசகமாக, எழுதினால் அது நிற்காது. காப்புரிமை அலுவலக ஆய்வாளர் குடலிறக்க வலைகளோடு தேடலை நிறுத்திக்கொள்ள மாட்டார். பின்னல் துணியைச் சூடான இரட்டை அச்சில் அழுத்தி பிரா கப் செய்வது பழைய தொழில். ஒலிபெருக்கிக் கூம்பைப் பின்னாலிருந்து தாங்கும் நெளிநெளியான துணி வளையமும் பினாலிக் பிசினில் தோய்த்துச் சூடான அச்சில் அழுத்தியதுதான். நான்கு படிகளும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை போயிற்று. இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் கிடைத்துவிடும் என்றாலும், சேர்க்கக் காரணம் இருந்தால், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்று தள்ளிவிடுவார்கள்.

ஆனால் செய்யும்போது எது கெட்டது, அதை எப்படி அடக்கினீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் காணோம். காப்புரிமைக்குரிய விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தட்டையான பின்னல் வலை அச்சின் குமிழ் மேல் உட்காரும்போது, உச்சியில் வலைக்கண்கள் இழுபட்டு விரியும். விளிம்பில் மிஞ்சிய துணி மடிப்பாக எழும்பும். மடிப்பு வராமலிருக்க விளிம்பைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்தால், உச்சியில் இழை இன்னும் நீண்டு மெலியும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு: நூலாக இழுக்கப்பட்ட பாலிப்ரொப்பிலீன், சூடு ஏறியதும் சுருங்கப் பார்க்கும். அச்சு அதைச் சுருங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். சூடு போதாமலிருந்தால் அந்த இறுக்கம் உள்ளேயே தங்கி, வெளியே எடுத்த வலை நாள்போக்கில் தட்டையாகும். சூடு மிஞ்சினாலோ, பாலிப்ரொப்பிலீன் உருகுவது சுமார் 160 முதல் 165 டிகிரி செல்சியஸில் என்பதால், அதை நெருங்க நெருங்க இழைகள் குறுக்கிடும் இடங்கள் நசுங்கி ஒட்டும். வலை விறைத்துப் போகும்.

இப்போது உங்கள் அச்சை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விளிம்புப் பிடி துணியைக் கொஞ்சம் நழுவவிடுகிறதா? மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, உச்சியில் ஓர் அளவும் விளிம்பில் வேறு அளவுமாக இருக்கிறதா? வலை முதலில் தளர்வாகச் சுருங்கி, பிறகு அச்சு மூடுகிறதா? பின்னல் வரிசையை அச்சின் நீளவாக்குக்குக் குறிப்பிட்ட கோணத்தில் வைக்கிறீர்களா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால், அதனால் உச்சியிலும் விளிம்பிலும் வலைக்கண் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது என்று அளந்து காட்ட முடிந்தால், பேச ஒரு பொருள் இருக்கிறது. உரிமைக்கோரலின் மையமாக அந்தப் படியை வையுங்கள். சூடேற்றுவதும் ஆறவிடுவதும் அதற்கு முன்னுரையாக இருக்கட்டும்.

தாக்கல் செய்யும் முன் நீங்களே தேடிப் பார்ப்பது நல்லது. எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற இணையக் காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டும் இலவசம். 'வலை', 'அச்சு' என்று சொற்களை மட்டும் போட்டால் மீன்வலைதான் வந்து குவியும். காப்புரிமை வகைப்பாட்டு எண்ணோடு சேர்த்துத் தேடுங்கள். உடலில் பதிக்கும் வலைக்கு ஏ61எஃப் 2/0063, சூடேற்றி உருக்கொடுப்பதற்கு பி29சி 51, துணியை ஹீட் செட் செய்வதற்கு (சூட்டில் உருவை நிலைநிறுத்துவதற்கு) டி06சி 7/02, சூடேற்றினால் பழைய உருவுக்குத் திரும்பும் நினைவு உலோகத்தின் வெப்பப் பதப்படுத்தலுக்கு சி22எஃப் 1/006.

கேள்வி: பழைய ஆவணத்தில் 150 டிகிரி என்று இருக்கிறது. நாங்கள் 138 டிகிரியில் 12 நிமிடம் வைக்கிறோம். எண் வேறு என்பதால் கண்டுபிடிப்பும் வேறுதானே?

பதில்: எண் வேறு என்பதால் புதுமை கிடைக்கலாம், கண்டுபிடிப்புத் திறன், அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத தன்மை, அதிலிருந்து தானாக வராது. அமெரிக்காவில் 1955-இல் வந்த ஆலர் வழக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பீனால் தயாரிக்கும் முறையில் முன்பு 100 டிகிரி, 10 சதவீத அமிலம். விண்ணப்பதாரர் 40 முதல் 80 டிகிரி, 25 முதல் 70 சதவீத அமிலம் என்றார். விளைச்சல் கூடியும் நீதிமன்றம் மறுத்தது. பொதுவான நிபந்தனை தெரிந்திருக்கும்போது, சோதித்துச் சோதித்து நல்ல அளவைக் கண்டுபிடிப்பது வழக்கமான வேலை என்பது அதன் வாதம். இந்தியச் சட்டத்தின் பிரிவு 3(டி) இன்னொரு தடை: தெரிந்த செய்முறையை வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பாகாது, அதிலிருந்து புதிய பொருள் வர வேண்டும், அல்லது குறைந்தது ஒரு புதிய வினைபடுபொருளாவது சேர வேண்டும்.

எண்ணை நம்பித்தான் போக வேண்டுமென்றால், யாரும் எதிர்பாராத விளைவைக் காட்டுங்கள். 130, 134, 138, 142, 146, 150 டிகிரிகளில் தலைக்கு ஐந்து வலைகள் செய்து, குமிழின் உயரத்தை அன்றும் 30 நாள் கழித்தும் அளங்கள். உச்சியிலும் விளிம்பிலும் வலைக்கண் அளவு, வெடிப்பு வலிமை, இவையும் வேண்டும். நீங்கள் கோரும் எல்லைக்குள் மட்டும் அளந்த அட்டவணையால் பயன் இல்லை. எல்லைக்கு வெளியே கெடுகிறது என்பதையும் அதே அட்டவணை காட்ட வேண்டும். ஒப்பிடுவது மிக நெருக்கமான பழைய முறையோடு இருக்கட்டும். சோதாவான ஒன்றைப் பிடித்து அதை ஜெயித்துக் காட்டினால் ஆய்வாளர் மயங்க மாட்டார்.

அந்த 138 டிகிரியை எங்கே அளந்தீர்கள்? அடுப்புக் காற்றிலா, அச்சின் உடம்பிலா, வலையை ஒட்டியா? கனமான அலுமினிய அச்சு, காற்றின் சூட்டை எட்ட நேரம் எடுக்கும். அடுப்பு 138 காட்டும்போது வலை 110-இல் இருக்கக்கூடும். உங்கள் 12 நிமிடம் கதவை மூடியதிலிருந்தா, வலை சூட்டை எட்டியதிலிருந்தா? இது விண்ணப்பத்தின் விவரணத்தில் இல்லையென்றால் படிப்பவரால் செய்து பார்க்க முடியாது. உரிமைக்கோரலும் தெளிவற்றது என்று அடிபடும். வெப்பநிலை உணர்கம்பியின் நுனி, வலை உட்காரும் பரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் இருந்தது என்பதுவரை எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வருடமாக இந்த வலையை விற்கிறோம். செய்முறையை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது விண்ணப்பிக்கலாமா?

பதில்: எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில், விற்ற பொருளை ஆராய்ந்து செய்முறையைக் கண்டுகொள்ள முடியாது என்றால், பொருளை விற்றதால் மட்டும் செய்முறை வெளியானதாகாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. ரகசியச் செய்முறையில் செய்த பொருளை ஒரு வருடத்துக்கு மேல் விற்றுவிட்டுப் பிறகு அந்தச் செய்முறைக்கு விண்ணப்பித்தால் உரிமை கிடையாது. இனிப்பூட்டி ஒன்றின் செய்முறை பற்றிய செலானீஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் இதை மறுபடி உறுதி செய்தது. ஒன்றரை வருடம் விற்ற உங்களுக்கு, அந்தக் கதவு மூடியாயிற்று.

நல்ல வேளையாக, கடந்த சில மாதங்களில் செய்முறையில் ஒரு திருத்தம் செய்து, அந்தத் திருத்தத்தில் வந்த வலையை இன்னும் விற்கவில்லை என்றால், அதை மட்டும் தனியே கோரலாம். விற்பனைப் பட்டியலையும் தயாரிப்புப் பதிவேட்டையும் தேதிவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து மற்ற நாடுகளுக்கு 12 மாதம். பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போடும் பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) வழியில் போனால் நாடுகளுக்குள் நுழையப் பொதுவாக 30 மாதம்.

கேள்வி: சிகிச்சை முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்கிறார்களே, உடலுக்குள் வைக்கும் வலைக்கு அது பொருந்துமா?

பதில்: பட்டறையில் வலையை வளைப்பது சிகிச்சை அல்ல, உற்பத்தி. ஐரோப்பிய உடன்படிக்கையின் 53(சி), இந்தியச் சட்டத்தின் 3(ஐ) இரண்டும் தடுப்பது மனிதர் மேல் செய்யும் சிகிச்சையை. உங்கள் கடைசிப் படியாக "வலையை நோயாளியின் உடலில் பதித்தல்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியால் முழுக் கோரலும் தடைக்குள் விழுந்துவிடும்.

கேள்வி: செய்முறையைக் கோருவதா, வலையையே கோருவதா? எவனாவது காப்பியடித்தால் அவன் அடுப்புக்குள் போய்ப் பார்க்கவா முடியும்?

பதில்: முடிந்தால் இரண்டையும் கோருங்கள். செய்முறைக் காப்புரிமை, அந்தச் செய்முறையிலிருந்து நேரடியாக வரும் பொருளின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் நீளும். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பொருளே புதியது என்றால், தான் வேறு முறையில் செய்ததாக நிரூபிக்கும் சுமை எதிராளி மேல் விழவும் வழி உண்டு. பொருளையே கோரும்போது மட்டும், "இந்த முறையில் செய்த வலை" என்று எழுதினால் போதாது. வலை தன்னளவில் பழைய வலையிலிருந்து வேறுபட வேண்டும்: உச்சிக் கண்ணுக்கும் விளிம்புக் கண்ணுக்கும் உள்ள விகிதம் போல அளக்கக்கூடிய ஒன்று.

உரிமைக்கோரலில் ஒரு சொல் எவ்வளவு கட்டிப்போடும் என்பதற்கு, இதே துறையில் கச்சிதமான வழக்கு ஒன்று உண்டு. இதயத்தில் ஓட்டை அடைக்கும் சாதனத்துக்காக, நிட்டினால் என்ற நினைவு உலோகக் கம்பிப் பின்னலை அச்சில் வைத்துச் சூடேற்றி உருக்கொடுக்கும் முறையை கர்ட் ஆம்ப்லாட்ஸ் குழு 1994-இல் தாக்கல் செய்யத் தொடங்கியது. 1998-இல் வந்த அமெரிக்கக் காப்புரிமை 5,725,552 அதிலிருந்து பிறந்தது. 500 முதல் 550 டிகிரி, 1 முதல் 30 நிமிடம் என்ற அளவெல்லாம் விவரணத்திலேயே இருக்கிறது. ஆகவே இன்று நிட்டினால் வலைக்கு வெறும் சூட்டையும் நேரத்தையும் கோர நினைப்பவர் அதைப் படித்துவிட்டு வர வேண்டும். பின்னலை வெட்டினால் கம்பி பிரியும் என்பதால் முனைகளைக் கவ்வியால் பிடித்தார்கள். அதே குடும்பத்தின் ஐரோப்பிய உரிமைக்கோரலில், இரு முனையிலும் கவ்விகள் என்று எழுதிவிட்டார்கள். போட்டியாளரான ஆக்லூடெக்கின் சாதனத்தில் ஒரு முனையில் மட்டும்தான் கம்பிகள் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருந்தன. பிரிட்டனில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கீழ்நீதிமன்றங்கள் மீறல் என்று சொல்லியிருந்த ஜெர்மனியில் 2011-இல் உச்ச நீதிமன்றமும், மீறல் இல்லை என்றே தீர்ப்பளித்தன. அவ்வளவு வேலைக்கும் வினையானது அந்தப் பன்மைதான்.

அடுப்புக்குள் போக முடியாது என்பது சரி. ஆனால் சூடு பொருளில் தடம் விட்டுப் போகும். ஹீட் செட் செய்த பாலியெஸ்டர் இழையை, சூடேற ஏறப் பொருள் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று அளக்கும் டிஎஸ்சி கருவியில் ஓட்டினால், உருகும் உச்சிக்கு முன்னால் ஒரு சின்ன மேடு தெரியும். அது இழை பட்ட சூட்டைச் சொல்லும். நிட்டினாலில் உருமாற்ற வெப்பநிலை நகர்ந்திருக்கும். உங்கள் பாலிப்ரொப்பிலீன் வலையில் அப்படி என்ன தடம் மிஞ்சுகிறது என்று இப்போதே சோதித்துப் பாருங்கள். தடம் இருந்தால் காப்புரிமை எடுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் துணை. ஒரு தடமும் இல்லை, அச்சும் உங்கள் பட்டறையை விட்டு வெளியே போவதில்லை என்றால், 18 மாதத்தில் உலகத்துக்கே வெளியிடப்படும் விண்ணப்பத்தைவிடப் பூட்டிய அலமாரி மேல்.