மந்திர வட்டங்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அனிமேயில் வரும் மந்திர வட்டம், முத்திரை, சின்னம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் (எட்வர்ட், அல்போன்ஸ் என்ற ரசவாதச் சகோதரர்களின் கதை; முதலில் மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், பிறகு அனிமே), அப்புறம் அதற்குப் பின்னால் இருக்கும் ஐரோப்பிய ரசவாதமும் மந்திர நூல்களும். மற்றவற்றில் பார்த்த அளவுக்குச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: ஃபுல்மெட்டலை முடிக்காதவர்கள் அதன் விக்கி பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். அந்தக் கதையின் பெரிய ரகசியமே ஒரு வரைபடம்தான். கீழே என் பதில்களிலும் கதை உடையும் இடங்கள் வரும்.

நீலத்தவளை: ஏன் எல்லா அனிமேயிலும் வட்டம்? சதுரம் போட்டால் மந்திரம் வேலை செய்யாதா?

வட்டத்துக்கு ஆரம்பத்தில் இருந்த வேலை வேறு. 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சாலமோனின் சிறு திறவுகோல்' என்ற மந்திர நூலில், 9 அடி அகலத்துக்கு வட்டம் போட்டு, அதன் ஓரமெல்லாம் கடவுளின் பெயர்களை எழுதி, மந்திரவாதி அதற்குள்ளே நின்றுகொள்ள வேண்டும். அழைக்கப்படும் ஆவி வருவது வட்டத்துக்குள் அல்ல, அதிலிருந்து 2 அடி தள்ளிப் போட்ட முக்கோணத்துக்குள். அதாவது வட்டம் ஒரு வேலி, உள்ளே இருக்கும் மனிதனைக் காப்பாற்றத்தான்.

அனிமேயில் இது அப்படியே தலைகீழ். ஆள் வெளியே நிற்கிறார், பூதம் வட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. ஜப்பானில் இந்தக் காட்சியை எல்லார் மனதிலும் பதிய வைத்ததில் ஷிகெரு மிசுகியின் அகுமா-குன் மங்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் வந்தது. தரையில் வட்டம், 'எலோயிம் எஸ்ஸாயிம்' என்று மந்திரம், நடுவில் பேய். வேலி அங்கே வாசலாகிவிட்டது.

2001இல் ஹிரோமு அரகாவா ஃபுல்மெட்டலைத் தொடங்கியபோது மூன்றாவதாக ஒன்று செய்தார். அவருடைய வட்டம் வேலியும் இல்லை, வாசலும் இல்லை. அது வேலை செய்யும் ஒரு அமைப்பு. வெளிவட்டம் சக்தியைச் சுற்றவிடுகிறது, உள்ளே வரைந்திருப்பது அந்தச் சக்தி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. உள்ளே வரும் முக்கோணங்களும் சும்மா அழகுக்கு இல்லை. மேல்நோக்கிய முக்கோணம் நெருப்பு, கீழ்நோக்கியது நீர், குறுக்கே ஒரு கோடு போட்டால் முறையே காற்றும் நிலமும். உண்மையான ரசவாதிகள் பயன்படுத்திய குறியீடுகள் இவை.

சதுரத்துக்கு வருகிறேன். கதை விதி சொன்னால் சதுரமும் வேலை செய்யும். விதி சொல்லாமல் வட்டம் போட்டாலும் எனக்கு அது வெறும் விளக்கு அலங்காரம்தான்.

மழைக்காகிதம்: ஃபுல்மெட்டலில் 2003 பார்க்கணுமா, பிரதர்ஹுட் பார்க்கணுமா?

வட்டங்களின் தர்க்கம் முழுதாக வேண்டுமென்றால் 2009இல் தொடங்கிய பிரதர்ஹுட், 64 எபிசோட். 2003 தொடர் வரும்போது மங்கா முடியவில்லை, அதனால் அது பாதியில் தனி வழியில் போகிறது. அதுவும் நல்ல தொடர்தான், இரண்டாவதாகப் பாருங்கள்.

திண்ணைப்பையன்: இதெல்லாம் நம்ம ஸ்ரீசக்கரம்தானே? நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு சொல்லாமல் விட்டுவிட்டார்களே?

இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஃபுல்மெட்டல், ஃபேட் மாதிரியான தொடர்களின் வட்டங்களுக்கு வேர் ஐரோப்பாவில், மேலே சொன்ன நூல்களில். அதற்கும் ஸ்ரீசக்கரத்துக்கும் நேரடி உறவு இல்லை.

ஆனால் ஜப்பானிய மடாலய மந்திரங்கள் வரும் தொடர்களில் வட்டத்துக்குள் ஒற்றை எழுத்து ஒன்று மின்னும், பார்த்திருப்பீர்கள். அது சித்தம் என்ற பழைய இந்திய எழுத்துமுறையில் எழுதிய பீஜாட்சரம். அது இந்தியாவிலிருந்து போனதுதான், ஒளிவுமறைவே கிடையாது. ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தத்தின் குரு வரிசையில் வஜ்ரபோதி என்று ஒருவர் இருக்கிறார். 8ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகச் சீனா போனவர். சீன வரலாற்றுக் குறிப்புகள் அவரைக் காஞ்சியோடு சேர்த்துப் பேசுகின்றன. அவர் சீடர் அமோகவஜ்ரர், அமோகவஜ்ரரின் சீடர் ஹுய்குவோ, அவரிடம் படித்துவிட்டு 806இல் மண்டலப் படங்களோடு ஜப்பான் திரும்பியவர் குகாய். குரு கையால் சீடனுக்குக் கொடுத்துக் கொடுத்துப் போன கல்வி இது. அந்தக் குருமார்களை அங்கே இன்றும் வணங்குகிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்வது வஜ்ரபோதிக்கே அவமரியாதை.

சாம்பல்பூனை: ஃபுல்மெட்டலில் ராணுவ ரசவாதி மஸ்டாங் சொடுக்குப் போட்டால் தீ வருகிறது. அங்கே வட்டம் எங்கே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வட்டம் கையுறையின் பின்புறத்தில் இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், மேலே தீச்சுடர், கீழே ஒரு பல்லி. அந்தப் பல்லி சாலமாண்டர், 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் நெருப்புக்கான உயிராகச் சொன்னது. கையுறை இரண்டு வேலை செய்கிறது. துணி உரசினால் பொறி பறக்கும் வகை, அது ஒன்று. வட்டம் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனைக் கூட்டிக் குறைத்துத் தீ எங்கே, எவ்வளவு என்று தீர்மானிக்கிறது, அது இரண்டு. பொறி தனி, வட்டம் தனி.

இதைப் புரிந்துகொண்டு, லஸ்ட் என்ற ஹோமன்குலஸோடு (ரசவாதத்தில் உருவான செயற்கை மனிதர்) நடக்கும் சண்டையைத் திரும்பப் பாருங்கள். மஸ்டாங்கைக் குத்திப் போட்டுவிட்டு, இனி எழ மாட்டார் என்று நினைத்து லஸ்ட் போய்விடுகிறாள். கையுறை இல்லை, ஆகவே பொறியும் இல்லை வட்டமும் இல்லை. பொறிக்குச் சக வீரர் ஹாவோக்கின் சிகரெட் லைட்டர் கிடைத்துவிடுகிறது. வட்டத்துக்கு? தன் புறங்கையின் தோலையே கீறி ரத்தத்தில் வரைந்துகொள்கிறார். அந்தத் தீயாலேயே தன் காயத்தைச் சுட்டு மூடிக்கொண்டு வந்து நிற்கிறார். ஒரு வசனம்கூட விளக்கமாக வேண்டியதில்லை, விதி நமக்கு முன்பே தெரியும் என்பதால் அந்தக் கை தெரிந்த நொடியில் முதுகு சில்லிடுகிறது. வட்டத்துக்கு விதி வைப்பதன் பலன் இதுதான். யார் வரைந்தார்கள், எதனால் வரைந்தார்கள், அது போய்விட்டால் என்ன ஆகும், இந்த மூன்றையும் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

குட்டித்தீ: ஹோமன்குலஸ் சின்னத்தைப் பச்சை குத்தலாமா?

குத்தலாம். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு, ஔரோபோரஸ், பண்டைய கிரேக்க ரசவாதப் படங்களிலேயே இருக்கிறது. அர்த்தம் தேடி விக்கிக்குப் போகாதீர்கள், கதை போய்விடும்.

பனங்கற்கண்டு: 2003ஆ, பிரதர்ஹுட்டா?

மேலே பாருங்கள். பிரதர்ஹுட்.

கடைசிபெஞ்ச்: எட்வர்ட் வட்டமே போடாமல் கைதட்டினால் போதும் என்கிறார்கள். விதி விதி என்று பேசுகிறீர்கள், கதாநாயகனுக்கு மட்டும் விதி கிடையாதா? இது ஏமாற்றுதான்.

ஏமாற்று இல்லை, முன்பணம் கட்டிய விதிவிலக்கு. தாயை உயிர்ப்பிக்கப் போய் அவன் உண்மையின் வாசலைப் பார்த்தான், அதற்கு ஒரு காலைக் கொடுத்தான். தம்பியின் உயிரைக் கவசத்தில் கட்டக் கையையும் கொடுத்தான். அங்கே பார்த்த அறிவு அவனுக்குள் இருப்பதால், இரு கைகளும் சேரும்போது அவன் உடம்பே வட்டமாகிறது. இதே மாதிரி தட்டுகிறவர்கள் யார் யார்? எட்வர்டின் குரு இசுமி, உள்ளுறுப்புகளை இழந்தவர். அல்போன்ஸ், முழு உடம்பையும் இழந்தவன். கடைசியில் மஸ்டாங், கண்களை இழந்தவர். இவர்களில் யாருக்கும் இது சும்மா வரவில்லை.

கடைசிபெஞ்ச்: கிம்ப்ளி எதை இழந்தான்? அவனும் கைதட்டித்தானே வெடிக்க வைக்கிறான்?

அவன் உள்ளங்கைகளைப் பாருங்கள். இரண்டிலும் பச்சை குத்தியிருக்கிறது, ஒன்றில் சூரியன், இன்னொன்றில் சந்திரன். கைகள் சேர்ந்தால் வட்டம் முழுமை. அது வரைந்த வட்டம்தான். எட்வர்டின் உள்ளங்கையில் எதுவும் கிடையாது. ஒரு கை இரும்பு வேறு.

கடைசிபெஞ்ச்: சரி, உடம்பே வட்டம் என்று வாயால் சொன்னால் போதுமா? அதை எங்கே நிரூபித்தார்கள்?

ஆரம்பத்திலேயே. ரசவாதிகளைத் தேடிக் கொல்லும் ஸ்கார் முதல்முறை எட்வர்டைப் பிடிக்கும்போது என்ன செய்கிறான்? இரும்புக் கையை உடைத்துப் போடுகிறான். அதோடு எட்வர்ட் கையாலாகாதவன், மண்டியிட்டுச் சாவுக்குத் தயாராகிறான். வாசலைப் பார்த்த அறிவு தலைக்குள் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இரண்டு கை சேராமல் வட்டம் இல்லை, வட்டம் இல்லாமல் ரசவாதம் இல்லை. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

சாம்பல்பூனை: நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கடைசிப் பகுதியில் முக்கிய எதிரியான ஃபாதர் அமெஸ்ட்ரிஸ் ரசவாதத்தை நிறுத்துகிறான், ஆனால் மே சாங் தொடர்ந்து செய்கிறாள். அப்படியென்றால் வட்டத்தால் என்ன பயன்?

அருமை. வட்டம் வாய்க்கால்தான், தண்ணீர் வேறிடத்திலிருந்து வர வேண்டும். கதை நடக்கும் அமெஸ்ட்ரிஸ் நாட்டு ரசவாதிகள் தங்களுக்குச் சக்தி பூமித்தட்டுகளின் அசைவிலிருந்து வருவதாக நம்புகிறார்கள். அதைத் திறக்கவும் மூடவும் ஃபாதரால் முடிகிறது. மூடியதும், எவ்வளவு சரியாக வரைந்த வட்டமும் செத்த கோடுதான். மே படித்தது ஷிங் நாட்டு முறை, அவளுக்குச் சக்தி பூமிக்குள் ஓடும் நாக நாடியிலிருந்து வருகிறது. அதில் ஃபாதர் கை வைக்க முடியாது. அவள் முறையில் வட்டமும் வேறு மாதிரி. இங்கே ஐந்து கத்தி, அங்கே ஐந்து கத்தி குத்தி நட்சத்திர வடிவம் அமைத்தால், இங்கே தொட்டது அங்கே வேலை செய்யும்.

கடைசிபெஞ்ச்: இருந்தாலும் வரைகிற வேலை இல்லாத சண்டையில் பதற்றம் குறைவு. இதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

குறைவு என்று சொல்ல மாட்டேன், பதற்றம் இடம் மாறுகிறது என்பேன். வரையும் பதற்றத்தை அரகாவா மொத்தமாக எதிரியின் பக்கம் வைத்துவிட்டார். ஒரு நாட்டின் எல்லை அளவுக்கு வட்டம், அதன் புள்ளிகள் எல்லாம் போரும் கலவரமும் நடந்து ரத்தம் சிந்திய ஊர்கள், அதை இணைக்க ஸ்லாத் என்ற ஹோமன்குலஸ் பூமிக்கடியில் தோண்டிக்கொண்டே இருக்கும் சுரங்கம். 64 எபிசோடும் யாரோ வட்டம் வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள், நமக்குத்தான் தெரிவதில்லை. இதற்காகத்தான் விக்கி வேண்டாம் என்கிறேன்.

வெண்டைக்காய்: நருடோ கை முத்திரைகள் பற்றி?

12 முத்திரைகளும் எலி, எருது, புலி என்று போகும் கிழக்காசிய ராசி விலங்குகள். அதற்கு மேல் என் துறை இல்லை. நருடோவை ஊறிப் படித்தவர்களிடம் கேளுங்கள்.

ஊதாநிலா: வட்டத்தைப் பார்த்தே யார் எந்தப் பள்ளி என்று சொல்ல முடியுமா?

நல்ல தொடர்களில் முடியும். லிரிக்கல் நனோஹா, 2004. அதில் மிட்சில்டா முறை மந்திரத்துக்கு வட்டம். 2005இல் வந்த இரண்டாம் தொடரில் பெல்கா முறை வீரர்கள் வருகிறார்கள், அவர்களுடையது முக்கோணம், மூன்று மூலையிலும் சிறு வட்டம். காலடியில் எது விரிகிறது என்று பார்த்தாலே எதிரே நிற்பவர் தூரத்திலிருந்து சுடுவாரா, வாளோடு கிட்டே வருவாரா என்று ஊகிக்கலாம். கார்ட்கேப்டர் சகுராவில் இன்னும் நுணுக்கம்: முதலில் அவள் காலடியில் வருவது கிளோ ரீடின் சூரிய சந்திர வட்டம், கடன் வாங்கிய சக்தி. பிறகு நடுவில் நட்சத்திரம் உள்ள அவளுடைய சொந்த வட்டம் வருகிறது. அவள் வளர்ந்துவிட்டாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

மண்பானை: கோலத்தைப் பார்த்துத்தான் ஜப்பான்காரர்கள் மந்திர வட்டம் போட்டார்கள் என்று படித்தேன், உண்மையா?

இல்லை. திண்ணைப்பையனுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இந்தக் கேள்வி இனி வந்தால் பதில் சொல்ல மாட்டேன்.

எழுத்தாணி: நானே ஒரு கதை எழுதுகிறேன், அதில் வட்டங்களை வைத்து மந்திர முறை. எங்கே தொடங்குவது?

வரைந்து பார்ப்பதற்கு முன், உங்கள் உலகத்தில் ஒருவர் வட்டத்தைப் பாதி வரைந்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் உங்களிடம் முறை இல்லை, படம்தான் இருக்கிறது.

கமோமே ஷிரஹாமாவின் விட்ச் ஹாட் அட்டெலியே மங்காவைப் படியுங்கள், 2016இல் தொடங்கியது. அங்கே மந்திரம் என்பதே மையால் வரைவது. நடுவில் எதைப் பற்றிய மந்திரம் என்ற குறி, சுற்றி அது எப்படி நடக்க வேண்டும் என்ற குறிகள், கடைசியாக வெளிவட்டம். வெளிவட்டத்தின் இரு முனையும் தொடும் நொடியில் மந்திரம் ஆரம்பம், அதற்கு முன் அது வெறும் மை. இந்த ஒரே விதியிலிருந்து அவர் எடுப்பதைப் பாருங்கள்: பறக்கும் காலணியில் வட்டத்தைப் பாதிப் பாதியாக இரண்டு காலணிகளிலும் வரைந்துவிடுகிறார்கள். கால்களைச் சேர்த்தால் வட்டம் மூடுகிறது, பறக்கலாம். பிரித்தால் நின்றுவிடும். இது ஒரு மந்திரவாதி கண்டுபிடித்தது போலத் தோன்றவில்லை, வேலை தெரிந்த ஒரு கைவினைஞர் யோசித்தது போல இருக்கிறது. அப்புறம், மையும் பேனாவும் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பதுதான் அந்த உலகம் பொத்தி வைத்திருக்கும் ரகசியம். விதியிலிருந்தே அரசியலும் வந்துவிட்டது. உங்கள் விதி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதைக் கடைசிவரை விடாதீர்கள்.

பனித்துளி_7: வட்டம் வரைய எந்த ஆப் நல்லது?

காம்பஸ், பென்சில். ஆப் பற்றி ஓவியர்களிடம் கேளுங்கள்.

நீலத்தவளை: இப்போது வரும் தொடர்களில் வட்டம் சும்மா சுழல்கிறது. அதுவும் விதியா?

பெரும்பாலும் இல்லை. ஒருமுறை கணினியில் செய்துவிட்டால் எத்தனை காட்சிக்கும் சுழற்றிக்கொள்ளலாம், அதனால் போடுகிறார்கள். செல் என்ற கண்ணாடித் தாளில் கையால் வரைந்த காலத்தில் ஒளிரும் வட்டம் வேண்டுமென்றால் மறைப்பில் கோடுகளை மட்டும் திறந்து விட்டு, அடியிலிருந்து விளக்கைப் போட்டு, அதே ஃபிலிமில் இன்னொரு முறை படம்பிடிக்க வேண்டும். அவ்வளவு வேலை என்பதால் தேவையான இடத்தில்தான் வட்டம் வரும். இப்போது ஒரு சாதாரண தீயுருண்டைக்குக்கூட மூன்று வட்டம் அடுக்கடுக்காக. அதில் எழுதியிருப்பதைப் படிக்க முயலாதீர்கள், பல தொடர்களில் அங்கே ஒன்றுமே எழுதியிருக்காது. மடோகா மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, அதன் ரூன் எழுத்துகளை ரசிகர்கள் உட்கார்ந்து உடைத்துப் படித்து, உள்ளே கேதேயின் ஃபௌஸ்ட் வரிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இடிமுழக்கம்: ஃபேட்/ஸீரோவில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றால் வட்டம் போடுகிறார்களே, ஏன்?

அந்தக் கதையில் புனிதக் கிண்ணத்துக்காகப் போட்டியிடும் மந்திரவாதிகள் வீர ஆவிகளை அழைக்க வட்டம் போடுகிறார்கள். அதை ஆளின் குணத்துக்கான குறிப்பாகப் பாருங்கள். வேவர் காசில்லாத மாணவன், கோழி ரத்தத்தால் காட்டில் போடுகிறான். ரியூனொசுகே கொலைகாரன், கொன்றவர்களின் ரத்தம். கிரிட்சுகு பாதரசத்தால் நேர்த்தியாக ஊற்றுகிறார், இவ்வளவு எளிய சடங்கு போதுமா என்று ஐரிஸ்வீல் ஆச்சரியப்படுகிறாள். போதும், அழைப்பது கிண்ணம், நான் இணைப்பைக் கொடுத்தால் சரி என்கிறார். வட்டத்தின் மேல் அவருக்குப் பக்தியே கிடையாது, அது ஒரு கருவி. மந்திரவாதிகளை அவர் எப்படிக் கொல்லப் போகிறார் என்பது முதல் எபிசோடின் அந்த இடத்திலேயே இருக்கிறது.