கடல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஜூலை வேண்டாம் என்று சொல்லுங்கள்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி வரும் ஜூலையோடு 25 வருஷம் ஆகிறது. என் கணவருக்கு நெடுநாள் ஆசை, கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகில் போக வேண்டும் என்று. இரண்டு வருஷமாக வார இறுதிகளில் சென்னைக்குப் போய் சின்னப் படகு ஓட்டப் பழகி, கிளப்பில் சான்றிதழும் வாங்கிவிட்டார். ஜூலைக் கடைசியில் 38 அடிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஏதென்ஸ், மைகோனோஸ், சாண்டோரினி, திரும்ப ஏதென்ஸ் என்று ஒரு வாரத்தில் சுற்றி வருவது அவர் திட்டம். எனக்கு நீச்சல் தெரியாது. பஸ்ஸிலேயே தலைசுற்றும். பிள்ளைகள் "அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி" என்கிறார்கள். வேண்டாம் என்றால் அவர் மனசு உடைந்துபோகும். சரி என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயந்தாங்கொள்ளி இல்லை. அந்தத் திட்டத்தைப் பார்த்தால், கிரேக்கக் கடலில் வருஷக்கணக்காகப் படகு ஓட்டுகிறவர்களும் தயங்குவார்கள். உங்கள் வீட்டில் நிலவரத்தைச் சரியாகக் கணித்தவர் நீங்கள் ஒருவர்தான். பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மைகோனோஸும் சாண்டோரினியும் இருப்பது சிக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில், ஏஜியன் கடலுக்கு நட்ட நடுவில். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே மெல்டெமி என்று ஒரு காற்று வடக்கிலிருந்து அடிக்கும். வாடை என்றால் நமக்கு மார்கழிக் குளிர்தான் ஞாபகம் வரும். அங்கே வாடை வருவது உச்சிக் கோடையில். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடியும் துருக்கிப் பக்கம் குறைந்தும் இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடல் வழியே காற்று பாய்ந்து வருகிறது. தொடங்கினால் நாலைந்து நாள்கூட விடாது. கருமேகம், இடி என்று எந்த அறிகுறியும் இருக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் காற்றின் பலத்தை எண்ணால் சொல்லும் போஃபோர் அளவில்தான் பேசுவார்கள். "இன்றைக்கு ஆறு, நாளைக்கு ஏழு" என்று டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்வார்கள். ஆறு என்றால் 22 முதல் 27 நாட், அதாவது மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர். ஏழு அதற்கும் மேல். மைகோனோஸுக்கும் தினோஸுக்கும் இடையிலுள்ள கால்வாய் மாதிரியான இடங்களில் காற்று ஒடுங்கி இன்னும் வேகம் பிடிக்கும்.

தூரத்தையும் பாருங்கள். அந்தச் சுற்று 250 கடல் மைலுக்கு மேல் வரும். 38 அடிப் படகு சராசரியாக ஐந்தரை நாட் வேகத்தில் போகும். வாரம் என்று பேர்தானே தவிர, சனிக்கிழமை சாயங்காலம் படகைக் கொடுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள், கையில் இருப்பது ஆறு பகல்தான். தினமும் ஏழெட்டு மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பி வருவதோ வடக்கு நோக்கி. பாய்மரம் காற்றுக்கு நேர் எதிரே போகாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்போது மைல் கணக்கும் கூடும், ஆட்டமும் கூடும். சாண்டோரினியில் இன்னொரு சிக்கல் உண்டு. அது வெடித்து உள்வாங்கிய எரிமலை. படத்தில் பார்க்கிற அந்த நீல வளைவு கரையை ஒட்டியே அதல பாதாளமாக இறங்குவதால் நங்கூரம் போட இடம் கிடைப்பது அரிது. தெற்கே விளிஹாடாவில் இருக்கும் துறை ரொம்பச் சின்னது. சாண்டோரினி பார்க்க வேண்டுமா, ஏதென்ஸின் துறைமுகமான பிரெயஸிலிருந்து பெரிய கப்பலில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள். அதற்குப் பாய்மரப் படகு எதற்கு?

இப்போது உங்கள் கணவரிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அவர் உங்களைச் சமாதானப்படுத்தத்தான் பார்ப்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். இப்படிக் கேளுங்கள்: "ஏங்க, நடுக்கடலில் நீங்க தவறித் தண்ணீரில் விழுந்துட்டா நான் என்ன பண்ணணும்? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

இரண்டே பேர் போகிற படகில் பெரிய ஆபத்தே இதுதான். ஒருவர் விழுந்தால் படகை ஓட்ட மிச்சம் இருப்பது மற்றவர் மட்டும். பாய் காற்றைப் பிடித்துக்கொண்டு படகு தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். ஐந்தரை நாட் வேகத்தில் ஒரே நிமிஷத்தில் 170 மீட்டர் தள்ளிப் போய்விடும். அலைக்கு நடுவில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுக்குத்தான் தெரியும். மிதவை வளையத்தை எறியத் தெரிய வேண்டும், பாயைத் தளர்த்தத் தெரிய வேண்டும், கயிறு எதுவும் தண்ணீரில் கிடக்கவில்லை என்று பார்த்து இன்ஜினைப் போட்டுத் திரும்பி வரத் தெரிய வேண்டும். விஎச்எஃப் ரேடியோவில் சிவப்பு மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் படகு இருக்கும் இடத்தோடு அபாயச் செய்தி போகும். அப்புறம் 16-ஆம் சேனலில் "மேடே" என்று மூன்று முறை சொல்லிப் படகின் பெயரைச் சொல்ல வேண்டும். கரைக்குப் பக்கத்தில் போன் கிடைத்தால் கிரேக்கக் கடலோரக் காவல்படையின் எண் 108. நமக்கு ஆம்புலன்ஸ் எண் என்பதால் மறக்காது.

இதையெல்லாம் நீங்கள் இப்போதே கற்றுக்கொண்டுவிடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், துணைக்கு நிற்கப்போகிறவர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவராக இருக்க முடியாது என்பது அவருக்கே தெரியவரும். கிரேக்கச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கேப்டன் இல்லாமல் படகு எடுத்தால், ஓட்டுகிறவரிடம் அங்குள்ள துறைமுக அதிகாரிகள் ஏற்கிற உரிமம் இருக்க வேண்டும். கூடவே படகு அனுபவம் உள்ள இரண்டாவது ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். இரண்டே பேர் என்றால் அந்த இரண்டாவது ஆள் நீங்கள். அனுபவம் உண்டு என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இல்லாத அனுபவத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கிளப் சான்றிதழை அங்கே ஏற்பார்களா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாடகைக்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

சரி, அப்படியென்றால் போகக் கூடாதா? போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒரு மனிதர் ஐம்பதை ஒட்டிய வயதில் வாராவாரம் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்ப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அது அருமையான விஷயம். அந்த ஆசைக்கு வேறு கடல் இருக்கிறது, வேறு மாதம் இருக்கிறது.

கடல் என்று நான் சொல்வது சரோனிக் வளைகுடா. அதே ஏதென்ஸில், அலிமோஸ் துறையிலிருந்தே கிளம்பலாம். ஏஜினா, போரோஸ், ஹைட்ரா எல்லாம் கிரேக்கத்தின் தெற்கு நிலப்பகுதியான பெலொப்பொனீஸ் கரையை ஒட்டி இருப்பதால் மெல்டெமியின் முழு வேகம் அங்கே வருவதில்லை. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பெரும்பாலும் மூன்று நாலு மணி நேரம்தான். மேற்கே அயோனியக் கடல் இன்னும் சாது: லெஃப்கடா, மெகனிசி, இதாக்கா பக்கம் காலையில் கடல் தூங்கும், மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பி, இருட்டியதும் அடங்கிவிடும். ஆனால் அங்கே போய்ச் சேர இன்னொரு பயணம் செய்ய வேண்டும், அதனால் முதல் தடவைக்கு சரோனிக்தான் என் தேர்வு. மாதம், செப்டம்பர் நடு. வெயில் தணிந்திருக்கும், கோடை முழுக்கக் காய்ந்த தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், துறைகளில் கூட்டமும் குறையும். கல்யாண நாளை ஜூலையில் வீட்டில் கொண்டாடிவிட்டு செப்டம்பரில் கிளம்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று, கேப்டன் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200 யூரோவை ஒட்டி ஆகும், சாப்பாடும் தனி அறையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். தனிமை போய்விடுமே என்று உங்கள் கணவர் சொல்வார். நானும் என் கணவரும் ஒரு செப்டம்பரில் அங்கே ஒரு வாரம் போனபோது நாங்களும் அப்படித்தான் தயங்கினோம். சாயங்காலம் துறை சேர்ந்ததும் கேப்டன் தன் வழியில் போய்விட்டார். பகலில் சுக்கானை முக்கால்வாசி நேரம் என் கணவர் கையில்தான் கொடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் போரோஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே படகைப் பக்கவாட்டில் கட்ட மாட்டார்கள். கரைக்குக் கொஞ்ச தூரம் முன்பே படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் போய், பின்பக்கத்தை இரண்டு கயிற்றால் துறையில் கட்டுவார்கள். "இன்றைக்கு நீங்கள் இருவரும் செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார் கேப்டன். என் கணவர் சுக்கானில், நான் முன்னால் நங்கூரத்தில். இன்ஜின் சத்தம், காற்று. அவர் "விடாதே" என்று கத்தினார், எனக்கு "விடு" என்று கேட்டது. பொத்தானை அழுத்திவிட்டேன். நங்கூரம் ரொம்ப முன்னாடியே விழுந்து, கரைக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது சங்கிலி தீர்ந்துபோனது. எல்லாவற்றையும் மேலே இழுத்து, ஒரு சுற்று சுற்றி, மறுபடியும் முதலிலிருந்து. கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அன்று ராத்திரி சாப்பாடு முடிகிற வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கேப்டன் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று கையால் காட்டச் சொல்லிக்கொடுத்தார். விரல் கீழே என்றால் விடு, மேலே என்றால் இழு, மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் எங்களுக்குள் ஒரு சத்தம் இல்லை. இதை வீட்டுக் கூடத்திலேயே இருவரும் பழகிவிட்டுப் போங்கள்.

நடைமுறைக்கு வருவோம். முதல் நாள் ஏஜினா, பதினாறு பதினேழு கடல் மைல்தான். துறை வாசலில் வெள்ளைவெளேரென்று புனித நிக்கலஸின் சின்னக் கோயில், கரையில் கட்டிய படகிலேயே காய்கறி விற்பார்கள், தெருவெங்கும் பிஸ்தா. அடுத்து பலையா எபிடாவ்ரோஸ். அங்கிருந்து டாக்சி பிடித்துப் பழைய கல் அரங்கத்தைப் பார்க்கலாம். அப்புறம் போரோஸ். அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள், ஒரு நாள் முழுக்கப் படகை அவிழ்க்கவே வேண்டாம். ஹைட்ராவில் கார் கிடையாது, சாமான் எல்லாம் கழுதை மேல்தான் போகும், அவ்வளவு அழகு. ஆனால் துறை உள்ளங்கை அகலம்தான், ஒருவர் சங்கிலி மேல் இன்னொருவர் சங்கிலி விழுந்து காலையில் பெரிய கூத்தாகும். எதிர்க்கரையில் எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டுப் பயணிகள் படகில் ஹைட்ரா போய்வாருங்கள், அரை மணிக்குள் சேர்ந்துவிடலாம். வெள்ளிக்கிழமை நேராக அலிமோஸ்.

தலைசுற்றலுக்கு, மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். குமட்டல் வந்தபின் போட்டால் பிரயோஜனமில்லை, கிளம்பும் முன்பே போட வேண்டும். படகு ஓடும்போது கீழே அறைக்குள் இறங்காதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள், போன் பார்க்காதீர்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டால் எனக்கு அதைவிடச் சீக்கிரம் சரியானது வேறொன்றும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை மேல்தட்டில் இருக்கும் வரை கழற்றவே கழற்றாதீர்கள், வெயில் அடித்தாலும் சரி, துறைக்குள் நுழைந்தாலும் சரி. செப்டம்பருக்குள் நீச்சல் வகுப்பில் சேர முடிந்தால் சேருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். காற்று போஃபோர் அளவில் ஐந்துக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்றைக்குத் துறையை விட்டுக் கிளம்புவதில்லை. இருவரில் யார் "இன்றைக்கு வேண்டாம்" என்றாலும் மற்றவர் காரணம் கேட்பதில்லை. எங்களுக்கு ஒரு நாள் அப்படி நின்றதால்தான் போரோஸின் மணிக்கூண்டு வரை ஏறிப் பார்க்க நேரம் கிடைத்தது.

சாப்பாட்டுக்கு, சைவமாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஃபாவா என்று கேளுங்கள், மஞ்சள் பருப்பைக் கடைந்து ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டுத் தருவார்கள். தக்காளிக்குள் சோறு அடைத்துச் சுட்ட கெமிஸ்டாவும் நம் வாய்க்குப் பிடிக்கும். கறி சேர்க்காததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை விடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பாய்மரப் படகுப் பயணத்துக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சக்கரம் வைத்த பெட்டி எடுத்துப் போக வேண்டாம், படகில் அதை வைக்க இடமே இருக்காது. மடித்துச் சுருட்டி வைக்கிற துணிப் பை ஆளுக்கு ஒன்று போதும்.