மார்க்கரோடு ஆடினால் புலி, மேட்சில் ஏன் எலி?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் ஒரு கிளப்பில் இரண்டரை வருடமாக டென்னிஸ் ஆடுகிறேன். வாரம் நான்கு நாள், காலை ஆறு மணிக்கு, மார்க்கரோடு, அதாவது காசு வாங்கிக்கொண்டு எங்களோடு ஆடும் கிளப் ஆட்டக்காரரோடு, ஒரு மணி நேரம். அவரோடு அடிக்கும்போது இருபது, இருபத்தைந்து பந்து வரை ரேலி (பந்து தவறாமல் இருபக்கமும் போய்வருவது) போகும். கிளப் போட்டியில் இறங்கினால் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்கமாக அடிப்பதில்) எப்போதும் லேட். முதல் சர்வ் தவறி இரண்டாவது சர்வ் போடும்போது கை இறுகிவிடுகிறது. போன மாதம் 5-3 என்று முன்னிலையில் இருந்த செட்டை 5-7 என்று விட்டேன். ஜெயித்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், பந்தைச் சீவுகிற மாதிரி வெட்டி வெட்டியே ஆடுபவர். ராக்கெட்டை மாற்றட்டுமா, கோச்சை மாற்றட்டுமா?

பதில்: ராக்கெட் இருக்கட்டும். கோச்சையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் காலை ஒரு மணி நேரத்தை மாற்றுங்கள்.

உங்கள் ஆட்டத்தைப் பார்க்காமலே அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்று என்னால் சொல்ல முடியும். மார்க்கர் பந்தை இடுப்பு உயரத்துக்கு, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு, ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். நீங்கள் கோணலாக அடித்தாலும் ஓடிப்போய் எடுத்து மறுபடி உங்கள் கைக்கே தருவார். நடுநடுவே "சூப்பர் சார்" என்பார். அந்த இருபத்தைந்து பந்து ரேலி அவருடையது, நீங்கள் அதில் விருந்தாளி. அவரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனால்தான் அடுத்த மாதமும் வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும். பல மார்க்கர்கள் பந்து பொறுக்கும் பையன்களாக வந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர்கள். கிளப்பில் பாதிப் பேரை இடது கையால் தோற்கடித்துவிடுவார்கள். கடினமான பந்து வேண்டும் என்று கேட்டால் தருவார். நாம் கேட்பதில்லை.

மேட்சில் பந்து எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத பந்தைப் படித்து, முடிவெடுத்து, கால் நகர்ந்து, அதன் பிறகுதான் கை வேலை செய்ய வேண்டும். காலையில் நீங்கள் பழகுவது கடைசி வேலையை மட்டும். முதல் மூன்றையும் மார்க்கர் உங்களுக்காகச் செய்துவிடுகிறார்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. கூட், மேகில் என்ற இரு ஆய்வாளர்கள் பேட்மின்டனில் இதைச் சோதித்து 1986இல் வெளியிட்டார்கள். ஆட்டம் புதிதான மாணவிகளுக்கு மூன்று வகை சர்வ் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்துகட்டிப் போட்டது. பிறகு வைத்த சோதனையில் கலந்து பழகியவர்கள்தான் முந்தினார்கள். கலந்து பழகும்போது தடுமாற்றமாகத்தான் இருக்கும், ஆட்டம் கெட்டுப்போன மாதிரிகூடத் தோன்றும். அதனால்தான் காசு கொடுத்து ஆடுகிற யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

நாளைக் காலை மார்க்கரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, முதல் பத்து நிமிஷம் வழக்கம்போல. அதுக்கப்புறம் எங்க போடப்போறீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது. ஒண்ணு நீளமா, ஒண்ணு நெட் பக்கத்துல, ஒண்ணு வெட்டி." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள். ஒரே மாதிரி போட்டுக்கொடுப்பது அவருக்கும் சலித்துப்போன வேலைதான்.

கால் தரையில் ஒட்டிக்கொள்வதற்கு வருவோம். ஓட்டத்தில் நீங்கள் மெதுவாக இருப்பதாக நினைக்கிறீர்கள். அநேகமாக அது இல்லை, நீங்கள் புறப்படுவதுதான் தாமதம். எதிராளி அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரு சின்னத் துள்ளல் வேண்டும். ஸ்பிளிட் ஸ்டெப் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எப்போது துள்ள வேண்டும் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். எதிராளியின் ராக்கெட் பந்தை நோக்கி முன்னால் வர ஆரம்பிக்கும்போது நீங்கள் மேலே போக வேண்டும். பந்து அவருடைய ராக்கெட் நரம்பைவிட்டுக் கிளம்பும் கணத்தில், முன்பாதம் ஊன்றி, முழங்கால் லேசாக மடங்கி இறங்க வேண்டும். இறங்கும்போது தொடையும் கெண்டைக்காலும் அழுத்திய ஸ்பிரிங் மாதிரி ஆகும். அந்த விசை உங்களை இடமோ வலமோ தள்ளிவிடும். சீக்கிரமே துள்ளி இறங்கிவிட்டால் ஸ்பிரிங் செத்துவிடும், திரும்பவும் மரம்தான். உயரமும் தேவையில்லை. ஷூவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சப்பாத்தி நுழைந்தால் போதும்.

என்னிடம் ஒரு வங்கி அதிகாரி வந்துகொண்டிருந்தார். "நான் ஸ்பிளிட் ஸ்டெப் போடுறேன் சார்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். போனைப் பின்வேலியில் கட்டிவைத்துப் படம் பிடித்தோம். சர்வை எதிர்கொள்ளும்போது அழகாகத் துள்ளினார். அப்புறம் அந்தப் பாயிண்ட் முடியும்வரை துள்ளவே இல்லை. நாற்பது பந்தில் ஆறோ ஏழோதான் தேறியது. தான் அடித்த பந்து எங்கே விழுகிறது என்று ரசித்துக்கொண்டு நின்றதை அவரே திரையில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நீங்களும் படம் பிடியுங்கள். பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி: மார்க்கர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "ஹப்" என்று சொல்லுங்கள். பக்கத்துக் கோர்ட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வாய் சரியான நேரத்தில் சொன்னால் கால் தானாக வந்து சேரும். ஒரு வாரம் கழித்து மனசுக்குள் சொன்னால் போதும்.

பேக்ஹேண்ட் லேட்டாவதும் பெரும்பாலும் இதன் தொடர்ச்சிதான். துள்ளி இறங்கிய உடனே தோள் திரும்பிவிட வேண்டும். பந்து நெட்டைத் தாண்டும் முன்பே ராக்கெட் பின்னால் போயிருக்க வேண்டும், இதுதான் அளவுகோல். பந்து உங்கள் பக்கம் தரையில் குத்திய பிறகு ராக்கெட்டைப் பின்னால் எடுப்பவர்கள் எவ்வளவு வேகமாகக் கை வீசினாலும் லேட்தான். தோள் திரும்பிய பிறகு பந்தின் அருகில் போகப் பெரிய எட்டு வைக்கலாம், ஆனால் கடைசி ஒன்றரை மீட்டருக்குச் சின்னச் சின்ன அடிகள் வேண்டும். இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். நன்றாக ஆடுபவர் பந்தருகே போகும்போது ஹார்ட் கோர்ட்டில் ஷூ "கீச் கீச் கீச்" என்று சத்தம் போடும். நம் கிளப் ஆட்களிடம் "தொம், தொம்", இரண்டே சத்தம். அப்புறம் எட்டாத பந்துக்குக் கையை நீட்டுவது.

அடித்த பிறகு எங்கே திரும்பி வருவது? எப்போதும் நட்டநடுவே ஓடி வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பாதி உண்மை. குறுக்காக அடித்திருந்தால் நடுக்கோட்டிலிருந்து ஓரிரு அடி தள்ளி, நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தீர்களோ அந்தப் பக்கமாகவே நின்றுகொள்ளலாம், ஏனென்றால் எதிராளியின் சுலபமான பதிலும் குறுக்காகத்தான் வரும். குறுக்கே அடிப்பதற்கு இன்னொரு லாபமும் உண்டு. நெட் நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. சிங்கிள்ஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி, மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 82 அடி 6 அங்குலம். தாழ்ந்த நெட், நீளமான கோர்ட். தடுமாறும் நாளில் குறுக்கே அடித்துக்கொண்டே இருங்கள்.

ராக்கெட் பற்றிக் கேட்டீர்கள். ஷூவைப் பாருங்கள். ஓடுவதற்கான ஷூவைப் போட்டு டென்னிஸ் ஆடுகிறீர்கள் என்றால் முதல் செலவு அங்கேதான். அதன் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், நேராக ஓடத்தான் அது. பக்கவாட்டில் நிறுத்தினால் கணுக்கால் மடங்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும் சூடாக்காமல் துள்ளல் பயிற்சியை ஆரம்பிக்கவும் கூடாது. மூன்று நிமிடம் கயிறு தாண்டிவிட்டு இறங்குங்கள். முழங்கையில் வலி இருந்தால் விறைப்பான பாலியெஸ்டர் நரம்பைக் கழற்றிவிட்டு மென்மையான நரம்பு கட்டுங்கள். வலி விடாமல் இருந்தால் பிசியோவிடம் காட்டுங்கள். உபகரணம் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது சர்வ். உங்கள் கிரிப்பை நேரில் பார்க்காததால் ஒரு கேள்வி: சர்வ் போடும்போது ராக்கெட்டை வாணலியின் கைப்பிடி மாதிரி பிடிக்கிறீர்களா, இளநீர் சீவும் அரிவாள் மாதிரி பிடிக்கிறீர்களா? வாணலிப் பிடியில் பந்தைத் தட்டையாகத் தள்ளத்தான் முடியும். அரிவாள் பிடியில்தான், அதாவது காண்டினென்டல் கிரிப்பில்தான், பந்தின் மேல் நரம்பை உரசிச் சுழற்ற முடியும். சுழற்சி இருந்தால்தான் பந்து நெட்டுக்கு மூன்றடி மேலே போய்க் கட்டத்துக்குள் கீழே இறங்கும். மாறிய முதல் சில நாள் பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயம் வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையை மெதுவாக்குவது. மெதுவாக வீசினால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் சுழற்சியைத் தருவதே கை வேகம். அதைக் குறைத்தால் பந்து நெட்டில் போய் விழும், இல்லாவிட்டால் எதிராளிக்குத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி மிதந்து போகும். இரண்டாவது சர்விலும் வீச்சு முதல் சர்வின் வேகத்தில்தான் இருக்க வேண்டும், உரசல்தான் அதிகம். டாஸ், அதாவது சர்வுக்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவது, சரியாக வரவில்லையென்றால் அடிக்காமல் பிடித்துவிடுங்கள். ராக்கெட்டை வீசாதவரை அது ஃபால்ட் (தவறான சர்வ்) இல்லை, விதியே அனுமதிக்கிறது. எத்தனையோ பேர் கூச்சப்பட்டுக்கொண்டு தலைக்குப் பின்னால் போன டாஸை எட்டிப் பிடித்து அடித்து டபுள் ஃபால்ட் ஆக்கி, பாயிண்டை விடுகிறார்கள்.

சர்வில் வேகம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனவர். 61இல் காலிறுதியில் ஆஸ்திரேலிய நட்சத்திரம் ராய் எமர்சனையே வீழ்த்தினார். கிருஷ்ணனுடைய சர்வைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. இடம் பார்த்துப் போடுவதும் அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பதும்தான் அவர் கைவசம் இருந்தவை.

இனி அந்த 5-3. எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு மாவட்டப் போட்டியில், 5-2 முன்னிலையில். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போதே வீட்டில் போய் எப்படிச் சொல்லலாம் என்று மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த இருபது நிமிடத்தில் செட் போனது. ஸ்கோர் மனசுக்குள் நுழைந்தால் "தப்பு செய்யாமல் இருக்க வேண்டும்" என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் கை மெதுவாகும், கால் நிற்கும், பந்து நடுக்கோர்ட்டில் விழும்.

ரோஜர் ஃபெடரர் 2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய 1,526 சிங்கிள்ஸ் மேட்சுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி. ஆனால் ஜெயித்த பாயிண்டுகள் 54 சதவீதம்தான். அப்பேர்ப்பட்டவரே ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு பாயிண்டை விட்டிருக்கிறார். நீங்கள் ஒரு பேக்ஹேண்டை நெட்டில் அடித்துவிட்டு அடுத்த மூன்று பாயிண்டுக்கு ராக்கெட்டை முறைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பெரிய போட்டிகளில் ஒரு பாயிண்டுக்கும் அடுத்த சர்வுக்கும் நடுவே 25 விநாடி தருகிறார்கள். கிளப் ஆட்டத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, ஆனாலும் தோற்கும்போது நாம் ஐந்து விநாடியில் அடுத்த சர்வைப் போட்டுவிடுகிறோம், சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதுபோல. அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டுக்கு முதுகைக் காட்டிப் பின்வேலிவரை நடங்கள். நரம்பை விரலால் சரிசெய்யுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். திரும்பி வரும்போது ஒரே ஒரு முடிவு: அடுத்த சர்வ் எந்தப் பக்கம். "ஜெயிக்கணும்" என்பது முடிவு இல்லை. "அவர் பேக்ஹேண்டுக்கு, சுழற்றி" என்பதுதான் முடிவு.

இதை மேட்சில் மட்டும் செய்து பார்த்தால் வராது, பயிற்சியிலேயே கொஞ்சம் பதற்றத்தைக் கொண்டுவர வேண்டும். மார்க்கரோடு கடைசிப் பதினைந்து நிமிடம் 5-3, 30-30 என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள், சர்வ் உங்களுடையது. தோற்றவர் கேண்டீனில் ஃபில்டர் காபி வாங்க வேண்டும். சின்னப் பந்தயம்தான், ஆனால் நாலு பேர் எதிரில் காபிக் காசு கொடுக்கும்போது லேசாகச் சுடும். அந்தச் சூடு போதும்.

கடைசியாக, உங்களை ஜெயித்த அந்தப் பெரியவர். அவரைப் பற்றி எழுதும்போது உங்கள் கேள்வியில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. எல்லாக் கிளப்பிலும் அவரைப் போல ஒருவர் உண்டு. தொப்பி, முழங்கால் பட்டை, பந்தை வெட்டி நெட்டுக்குப் பக்கத்தில் போடுவார், நீங்கள் விழுந்தடித்து ஓடிவந்து எடுத்தால் தலைக்கு மேலே தூக்கிவிடுவார். வேகம் தரமாட்டார் என்பதால் உங்கள் வேகத்தை நீங்களே உண்டாக்க வேண்டும், தாழ்வாக வரும் பந்துக்கு முழங்காலை மடக்க வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும் புதிதாகக் காலை வைக்க வேண்டும். மார்க்கர் தராத அத்தனையையும் அவர் இலவசமாகத் தருவார். வாரம் ஒரு நாள் அவரிடமே போய் "அங்கிள், ஒரு செட் ஆடலாமா?" என்று கேளுங்கள்.

அப்படியென்றால் உங்கள் நான்கு நாளில் இரண்டு மார்க்கரோடு, ஒன்று அந்த அங்கிளோடு, ஒன்று தனியாக ஒரு கூடைப் பந்தும் இரண்டாவது சர்வும். சர்வைப் பத்துப் பத்தாகப் போடுங்கள். குறைந்தது ஏழு உள்ளே விழவில்லையென்றால் அந்தப் பத்து கணக்கில் சேராது. முதல் இரண்டு மூன்று வாரம் இப்போதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். மார்க்கரே "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். எட்டாவது வாரம் மறுபடியும் போனைப் பின்வேலியில் கட்டி, பழைய வீடியோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அங்கிளோடு எத்தனை கேம் எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.